மேல்தாங்கலில் லாரி நின்ற கோடை

அன்று காலை லாரி வரவில்லை.

சாந்தோமில் எங்கள் தெருவுக்கு அந்தக் கோடை முழுவதும் தினம் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. கோயிலில் முதல் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரமும், லாரி தெருமுனையில் ஹாரன் அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்குப் பூசை முடிந்தது. ஆட்கள் வந்தார்கள். ஹாரன் சத்தம் மட்டும் வரவில்லை.

வாசல்களில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. யாருடையது எது என்று சண்டை வராமலிருக்க, ஒவ்வொரு குடத்திலும் நெயில் பாலிஷால் ஓர் எழுத்து. எங்களுடையது 'ஆ'. என் கணவர் ஆரோக்கியசாமியின் முதல் எழுத்து. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அழகாகவே எழுதியிருந்தார்.

எதிர்வீட்டு அமலா அக்கா டிரைவருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். மேல்தாங்கலில் பொம்பளைங்க ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு லாரியையும் விடவில்லை, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது என்றார் டிரைவர்.

போன் வைத்ததும் தெருவே என் பக்கம் திரும்பியது.

காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரை அளக்கும் அரசுப் பிரிவு ஒன்றில் நான் நிலவியல் அதிகாரி. தெருக்காரர்களைப் பொறுத்தவரை தண்ணீர் ஆபீசர். மழை பெய்யாததற்குக்கூட என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

அளக்கலாம், நிறுத்த முடியாது

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் ஆபீசைப் பற்றித் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. எந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்காதே என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. அது ஊராட்சியின் கையில் இருக்கும், வருவாய்த் துறையின் கையில் இருக்கும், சில சமயம் யார் கையிலும் இருக்காது.

நந்தனம் ஆபீசுக்குள் நுழையும்போதே மேலதிகாரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நகரத்துக்குத் தண்ணீர் வழங்கும் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் என்றார். மயிலாப்பூர், ராயப்பேட்டை, எங்கள் சாந்தோம் என்று பாதி நகரத்துக்கு அன்றைக்கு லாரி வரவில்லை. நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஜீப்பைக் கொடுத்தார்.

மேல்தாங்கல், கீழ்தாங்கல் என்று நான் எழுதுவது உண்மைப் பெயர்கள் அல்ல. அங்கே இன்னும் தேர்தல்கள் நடக்கின்றன. நகரத்தின் தெற்கு விளிம்பைத் தாண்டி, நடுவில் ஓர் ஏரிக்கரையை வைத்துக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு ஊராட்சிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் மண்ணைத் தோண்டினால் மணல். நல்ல மணல், தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் லாரிகள் அங்கே போயின. விவசாயம் படுத்துவிட்ட நிலங்களில் இருந்த கிணறுகள் லாரிகளை நிரப்பிக்கொண்டிருந்தன.

மேல்தாங்கல் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே காலிக் குடங்களை அடுக்கி, அதற்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு புடவையைப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டியவரை லாரிகள். டிரைவர்கள் வண்டி நிழலில் படுத்திருந்தார்கள்.

நடுவில் இருந்தவர் எழுந்து வந்தார். ஊராட்சித் தலைவர் கஸ்தூரி. நாற்பதை ஒட்டிய வயது. மெல்லிய உடம்பு, கணீரென்ற குரல்.

"இன்னா மேடம், லாரிக்காக வந்துக்கிறியா, தண்ணிக்காக வந்துக்கிறியா?"

தண்ணீரை அளக்க வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"நீ ஆரோக்கியசாமி சார் ஊட்டம்மா தானே?"

ஆற்றோரத்திலிருந்து

கஸ்தூரி பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரைக் குடிசை வரிசையில். அவருடைய மகன் என் கணவரின் பள்ளியில்தான் சில வருஷம் படித்தான். பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்திருக்கிறார். நானும் ஒரு ஆண்டு விழாவில் அவரைப் பார்த்திருக்கிறேனாம். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது.

கரையோரக் குடிசைகளை அகற்றியபோது அவர்களை லாரிகளில் ஏற்றி மேல்தாங்கலில் கட்டியிருந்த மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கஸ்தூரிக்குத் துப்புரவு வேலை. வேலை அங்கே, வீடு இங்கே என்று பல வருஷம் பஸ்ஸிலேயே அவர் காலம் கழிந்திருக்கிறது. குடியிருப்பில் ஓட்டு அதிகம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது குடியிருப்புக்காரர்கள் அவரை நிற்க வைத்தார்கள். ஜெயித்துவிட்டார். பழைய ஊர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் ஊராட்சியின் போர்வெல்லைக் காட்டினார். மோட்டாரைப் போடச் சொன்னார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் காப்பி நிறத்தில் சேற்றைக் கக்கியது.

"இத்த துணியில வடிகட்டி குடிக்கிறோம். எங்க ஊரு தண்ணி உங்க ஊருக்குப் போவுது. எங்களுக்கு சேறு. நீயே சொல்லு மேடம், நான் லாரிய வுடலாமா?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திறந்த கிணற்றில் அளவு நாடாவை இறக்கினேன். எங்கள் ஆபீஸ் அந்தக் கிணற்றைப் பல வருஷமாக அளந்து வருகிறது. அவ்வளவு கீழே தண்ணீர் போய் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் நடந்த ஒரு பழைய கூட்டம்

திரும்பும் வழியில் எனக்கு அப்பா நடத்திய கூட்டம் ஞாபகம் வந்தது.

சாந்தோமில் எங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினால் போர்த்துக்கீசியப் பெயர்களில் போய் முட்டும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு காலத்தில் குடிக்க நன்றாகவே இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அப்படி. மேலே நல்ல தண்ணீர், அதற்கடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். மேலே இருப்பதை அளவோடு எடுத்தால் கீழே இருப்பது அடங்கிக் கிடக்கும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தெருவில் முதல் போர்வெல் இறங்கியது. அப்பா பயந்துபோய், எல்லா வீட்டுக்காரர்களையும் கோயிலின் பங்கு மன்றத்தில் கூட்டினார். தெருவுக்கே பொதுவாக ஒரு போர் போதும், ஆளுக்கொன்று போட்டால் உப்பு ஏறிவிடும் என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா செய்துகொண்டு போன கேக்கைச் சாப்பிட்டார்கள். அடுத்த மாதமே தெருவில் போர் போடும் வண்டியின் சத்தம் வீடு வீடாக நகர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டார், நாம் மட்டும் சும்மா இருந்தால் நம் தண்ணீரையும் அவர்தான் எடுப்பார் என்பது எல்லாருடைய கணக்கும்.

அப்பா மட்டும் போடவில்லை என்று எழுத ஆசைதான். அவரும் போட்டார், கடைசி ஆளாக.

சில வருஷங்களில் தெருவுக்கே உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பி திரியும். இன்றுவரை அந்தத் தண்ணீரில் வாசல்தான் கழுவுகிறோம்.

நிலவியலை நான் வேலைக்காகத்தான் படித்தேன். ஆனால் அந்தப் பாடத்தின் பெரும்பகுதி எங்கள் தெருவிலேயே நடந்து முடிந்திருந்தது.

லாரி பக்கத்து ஊருக்குப் போயிற்று

கஸ்தூரியின் மறியல் ஒருவகையில் வெற்றிதான். லாரிகள் மேல்தாங்கலை விட்டுவிட்டன. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கீழ்தாங்கலுக்குப் போய்விட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் இப்போது ஓயாமல் ஓடின. எங்கள் தெருவுக்கு மறுபடி ஹாரன் சத்தம் கேட்டது. அமலா அக்கா எனக்கு நன்றி சொன்னார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மேல்தாங்கலிலிருந்து கஸ்தூரி போன் செய்தார். ஒரு லாரிகூட ஊருக்குள் வரவில்லை, ஆனாலும் போர்வெல்லில் சேறுதான் வருகிறது, ஊரில் எவனோ ராத்திரியில் திருட்டுத்தனமாக ஓட்டுகிறான் என்றார். ஊருக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். குடியிருப்புக்காரர்கள் நிலக்காரர்களைச் சொன்னார்கள். நிலக்காரர்கள் குடியிருப்பைச் சொன்னார்கள்.

திருட்டு எதுவும் இல்லை, கீழ்தாங்கல் எடுப்பதுதான் இங்கே இறங்குகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மோட்டார் இந்தப் பக்கத்துக் கிணற்றை எப்படி வற்ற வைக்கும்? கண்ணால் பார்க்காத வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கீழ்தாங்கல் தலைவர் சுந்தரவரதனும் நம்பவில்லை. அறுபதைத் தாண்டியவர், மரியாதையான மனிதர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நெல்லும் போச்சு, தர்பூசணியும் போச்சு மேடம், எங்க ஜனங்க கிணற்றுத் தண்ணியை வச்சுத்தான் புள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்க, எங்க ஊர் எல்லைக்குள்ள எடுக்கறதை யார் கேக்க முடியும் என்றார்.

இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஏரி மதகை எப்போது திறப்பது என்று சுந்தரவரதனின் அப்பா காலத்தில் வந்த சண்டை. அதற்கப்புறம் ஒரு ஊர்த் தலைவர் இன்னொரு ஊருக்குள் கால் வைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்கிறபடி மோட்டார்களை நிறுத்திப் போட வேண்டும். கஸ்தூரி திருடனைப் பிடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சுந்தரவரதன் தன் ஊர்மீது பழி இல்லை என்று காட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு எந்தக் காரணமானாலும் சரிதான்.

காலையில் மேல்தாங்கலில் எல்லா மோட்டாரும் நின்றன. கஸ்தூரி பெண்களை அனுப்பி ஒவ்வொரு பம்புசெட்டுக்குப் பக்கத்திலும் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டார். பள்ளிக் கிணற்றில் நாடாவை இறக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறக்கினேன். ஊரில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஆனாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் ஒரு சாண் இறங்கிவிட்டது.

கஸ்தூரி என் கையிலிருந்து நாடாவை வாங்கி அவரே ஒருமுறை இறக்கிப் பார்த்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

சுந்தரவரதனுக்குப் போன் செய்து, இப்போது உங்கள் மோட்டார்களை நிறுத்துங்கள், நிறுத்திவிட்டு நீங்களே இங்கே வாருங்கள் என்றேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஏரிக்கரை மேல் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேல்தாங்கல் ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கஸ்தூரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "குந்து நைனா" என்றார். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

வெயில் சாயும்வரை காத்திருந்தோம். யாரோ நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். முதலில் தண்ணீர் இறங்குவது நின்றது. பிறகு நாடா நனையும் இடம் ஒரு விரற்கடை மேலே வந்தது. சந்தேகம் வரக்கூடாது என்று மூன்றாவது முறை சுந்தரவரதன் கையிலேயே நாடாவைக் கொடுத்தேன். ஈரம் பட்ட இடத்தைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப எங்க கெணத்துக்குத் தண்ணி உங்க பக்கத்துலேருந்தும் வருது" என்றார். கஸ்தூரியைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமா."

"நான் நிறுத்தினா நீங்க எடுப்பீங்க."

"நான் நிறுத்தனேன், நீங்க எடுத்தீங்க. அதானே இப்ப பாத்தோம்."

சுந்தரவரதன் நாடாவைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் அதிகாரி வாய் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று இத்தனை வருஷ சர்வீஸ் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

மூன்றாவது ஆள்

இரண்டு ஊரும் சமாதானமானால் போதாது. தண்ணீரைக் கேட்பது நகரம். நகரம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை யாராவது ஒருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஆகவே நந்தனத்தில் எங்கள் ஆபீஸ் கூட்ட அறையில் மூவரையும் உட்கார வைத்தோம்.

நகரத்தின் சார்பில் வந்தவர் பொறியாளர் ரகுராமன். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்க்காரர். நல்ல உழைப்பாளி, அந்தக் கோடையில் அவர் முகத்தில் தூக்கமே இல்லை. லாரியைக் குறைக்கவே முடியாது என்று ஆரம்பித்தார். "எங்காத்துலயும் லாரித் தண்ணிதான் மேடம். நான் என்னத்தைப் பண்ணறது?" என்றார். அதில் பொய் இல்லை.

கஸ்தூரி கேட்டது ஒன்றுதான். கடல் தண்ணீரைக் குடிநீராக்கி நகரத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய் மேல்தாங்கல் ரோட்டுக்கு அடியிலேயே போகிறது. குழாய் புதைக்க ரோட்டைத் தோண்டியபோது புழுதி தின்றது அந்த ஊர். அதிலிருந்து ஒரு சொட்டுகூட அந்த ஊருக்குக் கிடையாது. அதில் ஒரு கிளை கொடுங்கள் என்றார். கீழ்தாங்கலுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். சுந்தரவரதன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

ஒரே கூட்டத்தில் முடியவில்லை. அறையின் ஏசி ஓடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கோபித்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். ரகுராமன் தன் மேலிடத்தில் எத்தனை முறை போய் நின்றார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒத்துக்கொண்டது இது: இரண்டு ஊரிலும் மாற்றி மாற்றி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் லாரிக்குத் தண்ணீர். பள்ளிக் கிணற்றிலும் கீழ்தாங்கலில் ஒரு கிணற்றிலும் சிவப்புக் கோடு. எந்தக் கிணற்றில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனாலும் இரண்டு ஊரிலும் லாரிக்குத் தடை. நகரம் இரண்டு ஊருக்கும் கிளைக் குழாய் போட்டுக் கொடுக்கும். மாதம் ஒரு கூட்டம், முறை வைத்து மூன்று இடத்திலும்.

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான் கொடுக்கும் என்பதால் தண்ணீர் பாதியாகிவிடும்; மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் சாந்தோமிலும் தினம் வந்த லாரி இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்.

அமலா அக்காவின் வாசல்

எங்கள் தெருவுக்கு இதை நானே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள மனம் வரவில்லை.

பெரும்பாலானவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர், உங்கள் வீட்டுக்கும் அப்படித்தானா என்று கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அமலா அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். தினம் துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் துவைத்த துணி அவர் தோலைப் புண்ணாக்கிவிடும்.

"ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டு வந்து வாசல்ல நின்னு சொல்றீங்க" என்றார். "எங்க வீட்டு நிலைமை தெரியாதவங்க யாராவது சொல்லியிருந்தா பரவாயில்ல. உங்களுக்குத் தெரியும்."

மேல்தாங்கலின் சேற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் அது பதிலாக இருந்திருக்காது.

ஆரோக்கியசாமிதான் தெருவில் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். லாரி வராத நாளில் வீட்டுக்கு ஒரு குடம் அமலா அக்கா வாசலில் வைத்துவிடுவது. எல்லாரும் வைத்தார்கள். அமலா அக்கா ஒவ்வொரு குடமாக உள்ளே எடுத்துக்கொண்டு போவார். 'ஆ' எழுதிய குடத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுவார். சாயங்காலம் நான் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவேன். மறுமுறை மறுபடி கொண்டுபோய் வைப்பேன்.

பல வாரம் இப்படியே போயிற்று. மாதா திருநாள் கழிந்து ஒருநாள் போய்ப் பார்த்தபோது குடம் வாசலில் இல்லை. மறுநாள் காலை எங்கள் கேட்டுக்குள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கப்புறம் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

மழைக்குப் பிறகு

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. ஏரி நிரம்பியது. இரண்டு ஊரிலும் கிளைக் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. ஒப்பந்தங்களுக்கு உண்மையான ஆபத்து வறட்சியில் வருவதில்லை, மழை பெய்த பிறகு வருகிறது. தண்ணீர் இருக்கும்போது எதற்குக் கோடு, எதற்குக் கூட்டம் என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். மேல்தாங்கலிலும் கேட்டார்கள்.

அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் கஸ்தூரி தோற்றுப்போனார். ரோட்டில் உட்கார்ந்து லாரியை நிறுத்தியவர், பிறகு அவரே கையெழுத்துப் போட்டு லாரியை உள்ளே விட்டார் என்று எதிர்த்து நின்றவர் வீடு வீடாகச் சொன்னார். அது தப்பில்லாத தகவல். வென்றவர் முருகையன், பழைய ஊர்க்காரர். ஒரு லாரிகூட ஊர் எல்லையைத் தாண்டாது என்பது அவருடைய வாக்குறுதி. பதவி ஏற்றதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கிராம சபையைக் கூட்டினார்.

நான் போயிருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. எனக்குப் பேச உரிமை இல்லை, ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முருகையன் நன்றாகப் பேசினார். நம் தண்ணீர் நமக்கே என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

கஸ்தூரி பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்தார். தோற்றவள் பேசக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். முருகையனே, பேசட்டும் என்றார்.

"நான் ஆத்தோரம் குடிசைல கீறச்சொல்ல லாரித் தண்ணி புடிச்சிதான் எம் புள்ளைய வளத்தேன்" என்றார் கஸ்தூரி. "அந்தத் தண்ணி எந்த ஊர்லேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. எந்த ஊர்லயோ எவளோ ஒருத்தி காலிக் கொடத்த வச்சிக்கினு நின்னுருப்பா. இங்க வந்தப்புறம் நானே அவளா ஆய்ப்பூட்டேன். அதுக்குத்தான் ரோட்ல குந்துனேன்."

கூட்டத்தில் சத்தம் குறைந்தது.

"இப்ப லாரிய அடியோட நிறுத்துன்றீங்க. நிறுத்து. இன்னா ஆவும்? கீழ்தாங்கலுக்குப் போவும். அவங்க விடிய விடிய ஓட்டுவாங்க. நம்ம கெணறு காயும். ஒருக்கா பாத்தாச்சு. அன்னிக்கு பம்புசெட்டாண்ட காவல் குந்துனவங்க பாதி பேரு இங்கதான் கீறீங்க. சொல்லுங்க, அன்னிக்கு நம்ம ஊர்ல ஒரு மோட்டாராவது ஓடிச்சா?"

பழைய ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், ஓடவில்லை என்றார். அவர் கஸ்தூரிக்கு ஒருநாளும் ஓட்டுப் போடாதவர். அதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

"நாம கிழிச்சா அவங்களும் கிழிப்பாங்க. டவுன்காரங்க கொயாய மூடுவாங்க. கோட்டுக்குக் கீழ எவனும் எடுக்கக் கூடாதுன்னு மூணு பேரும் கையெழுத்து போட்டுக்கீறோம். அத்த வச்சிக்கினு சண்ட போடு. அத்த வுட்டுட்டு இன்னாத்த வச்சிக்கினு சண்ட போடுவ?"

உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் இல்லை.

கை தூக்கச் சொன்னார்கள். ரத்து செய்ய வேண்டும் என்று தூக்கிய கைகளைவிட, தொடர வேண்டும் என்று தூக்கிய கைகள் கொஞ்சம் அதிகம். மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினார்கள். அப்படியேதான் இருந்தது. முருகையன் முகம் சிறுத்துவிட்டது. ஆனால் தீர்மானத்தை அவரே வாசித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் கூட்டம் கீழ்தாங்கலின் முறை. அங்கே யாரிடம் பேசுவது என்று என்னிடம் கேட்டார். அங்கே மறுபடி ஜெயித்திருந்த சுந்தரவரதனின் நம்பரைக் கொடுத்தேன்.

சபை கலைந்த பிறகு கஸ்தூரியைத் தேடிப் போனேன். குடியிருப்பை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். தி.நகர்க் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இதற்காகப் பதவியை இழந்தோமே என்று எப்போதாவது தோன்றுமா என்று கேட்க நினைத்திருந்தேன். ஆரம்பித்தேன்.

"அப்புறம் பேசலாம் மேடம்" என்றார். "கொயாய்ல தண்ணி வர்ற நேரம். லேட்டா போனா எனக்கு முன்னாடி அஞ்சாறு பேரு நின்னுருப்பாங்க."

புடவையைச் சொருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். நான் ஜீப் நின்ற பக்கம் திரும்பினேன்.